இளைஞர் நீதிக் குழுமத்தில் போகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை வகுப்பு: 12 வாரமும் கூடப் போன ஒரு தாய்மாமனின் அனுபவம்

வழக்கில் மாட்டிய சிறார்களுக்கு, அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்ளப் பழக்கும் குழு கவுன்சிலிங் வகுப்பு இது. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்த ஊர், எந்த அமைப்பு, வகுப்பு எடுக்கும் மிஸ் யார் என்று எதையும் எழுதப் போவதில்லை. வழக்கில் இருக்கும் 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை யார் என்று அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிடக் கூடாது என்று 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆவது பிரிவில் சொல்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். எங்கள் பக்கம் இப்படி ஒரு வகுப்புதான் நடக்கிறது, அதன் பெயரைச் சொன்னால் அங்கே வரும் பையன்களைக் கைகாட்டிய மாதிரி ஆகிவிடும். பெயரில்லாத ரிவ்யூவால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். உங்கள் மாவட்டத்திலும் இதே மாதிரி ஒன்று நடக்கலாம், உங்கள் வீட்டுப் பையனையும் ஒருநாள் போகச் சொல்லலாம், அப்போது எதைக் கேட்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்று கொஞ்சமாவது தெரிந்திருக்கும். எனக்கு அப்படி எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

நான் கோர்ட் எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜாமீன் மனு, வாய்தா மனு, வாரிசுச் சான்று என்று நாள் முழுக்க அடுத்தவர் கஷ்டத்தைத் தட்டச்சு செய்கிற வேலை. 17 வருஷமாக இதைச் செய்தும், சொந்த அக்கா பையன் பெயரை ஒரு மனுவில் அடிக்க வேண்டி வந்த அன்றைக்குக் கை ஓடவில்லை.

அவனுக்கு 16 வயது. பத்தாவது முடித்து ஐடிஐ சேர்ந்து மூன்றே மாதத்தில் நின்றுவிட்டான். ஒருநாள் காலை ஆறேகால் மணிக்கு பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த ஒரு அம்மா கையிலிருந்து போனைப் பறித்த வழக்கு. பறித்தது பின்னால் உட்கார்ந்திருந்த 19 வயதுப் பையன், வண்டி ஓட்டியது நம்முடையவன். மூன்றாம் நாள் சிசிடிவியில் வண்டி நம்பர் மாட்டியது. பெரியவன் ஜெயிலுக்குப் போனான், இவன் கூர்நோக்கு இல்லத்துக்கு, அதாவது விசாரணையில் இருக்கும் சிறார்களை வைத்திருக்கும் இடத்துக்குப் போனான், ஒன்பது நாள் கழித்து ஜாமீனில் கூட்டி வந்தோம். 2024 ஜூலை 1-இல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதுச் சட்டம் வந்ததிலிருந்து பறிப்புக்கு 304 என்று தனிப் பிரிவு இருக்கிறது, அதிகபட்சம் மூன்று வருஷம் என்பதால் இளைஞர் நீதிச் சட்டக் கணக்கில் அது சிறு குற்றம். இதெல்லாம் எனக்கு அத்துப்படி. அக்காவிடம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லித் தைரியம் கொடுத்தேன். அவன் உள்ளே என்ன நடக்கிறது என்பது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. அந்த ஒன்பது நாளும் அதற்கப்புறம் ஒரு மாதமும் அவன் வாயில் வந்தது ஒரே பேச்சு: "நான் வண்டிதான மாமா ஓட்டுனேன்."

அழவில்லை, திமிராகவும் பேசவில்லை. மழை பெய்ததா என்று கேட்டால் பெய்தது என்று சொல்கிற மாதிரி சொன்னான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். தெரிந்த போலீஸ்காரரிடம் சொல்லி நாலு தட்டு தட்டச் சொல்லு. மத்தியச் சிறைக்குக் கூட்டிப் போய் உள்ளே இருக்கிறவர்களைக் காட்டு, பயந்துவிடுவான். இந்த இரண்டாவது யோசனை எனக்கும் சரியாகத்தான் பட்டது, உண்மையைச் சொன்னால் ஒரு வார்டரிடம் பேசியும் பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் ராவே என்ற சிறையில் 1970-களிலேயே இதைச் செய்திருக்கிறார்கள், ஆயுள் கைதிகளை விட்டுப் பையன்களைக் கத்தி மிரட்ட வைத்து. நாடு முழுக்கப் பரவியது. பிறகு முறையாக ஒப்பிட்டுப் பார்த்ததில், சிறைக்குக் கூட்டிப் போகாமல் சும்மா விட்டிருந்த பையன்களைவிட மிரட்டப்பட்ட பையன்கள்தான் அதிகமாகத் திரும்பக் குற்றத்துக்குப் போயிருக்கிறார்கள். இதைப் படித்த அன்று ராத்திரியே வார்டருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சிறார் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் மாஜிஸ்திரேட்டும் சமூகப் பணியாளர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் விஷயத்தில் அந்த அம்மாதான் அதிகம் பேசினார். கண்டித்து அனுப்புவது, குழுவாக கவுன்சிலிங், சமூக சேவை, அபராதம், பெற்றோர் பொறுப்பில் நன்னடத்தைக் கண்காணிப்பு, கடைசியாக மூன்று வருஷம் வரை சிறப்பு இல்லம் என்று இளைஞர் நீதிச் சட்டம் 18-ஆவது பிரிவில் படிப்படியாக இருக்கிறது. இவனுக்கு ஆறு மாதக் கண்காணிப்பும் 12 வாரம் குழு கவுன்சிலிங்கும் போட்டார்கள். நன்னடத்தை அலுவலர் ஒரு துண்டுத் தாளில் முகவரி எழுதிக் கொடுத்தார். கவுன்சிலிங் என்றால் யாரோ உட்கார வைத்து அறிவுரை சொல்வார்கள், இவன் தலையை ஆட்டிவிட்டு வருவான் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன்.

இடம் ஒரு பழைய நூலகத்துக்கு மேலே மாடி அறை. இரண்டு ஃபேன், ஒன்று சத்தம் போடும். பாய் விரித்து வட்டமாக உட்கார வைப்பார்கள். ஞாயிறு காலை 10 முதல் 12 வரை. ஒன்பது பையன்கள், 14-லிருந்து 17 வயது வரை. காசு எதுவும் கிடையாது. கூட வந்தவர்கள் கீழே காத்திருக்க வேண்டும், ஆனால் மாடிப்படியில் உட்கார்ந்தால் உள்ளே பேசுவது கேட்கும், கதவு இடுக்கில் பாதி அறையும் தெரியும். முதல் நாளே மிஸ்ஸிடம் கேட்டேன், இங்கே உட்காரலாமா என்று. பையன்களிடமே கேட்டார். ஒருவன் மட்டும் "ஃபோட்டோ எடுக்காம இருந்தா சரி" என்றான். அங்கேயே 12 வாரம் உட்கார்ந்தேன். உள்ளே மற்றப் பையன்கள் தங்கள் கதையைச் சொன்னதில் ஒரு வரியைக்கூட இங்கே எழுதமாட்டேன், வகுப்பு நடத்துகிற விதத்தை மட்டும் எழுதுகிறேன்.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் தோன்றியது. பேர் சொல்லு, பிடித்த சாப்பாடு சொல்லு, அவ்வளவுதான். பதினொரு மணிக்கு டீயும் சமோசாவும் வந்தது. நம் ஆள் தட்டு தன்னிடம் வந்ததும் இரண்டு சமோசா எடுத்துக்கொண்டான். கடைசியில் இருந்த சின்னப் பையனுக்கு இல்லை. மிஸ் பார்த்தார், திட்டவில்லை, தன்னுடையதைக் கொடுத்துவிட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கீழே வந்ததும் அவனைக் கேட்டேன், ஏன்டா அப்படிச் செய்தாய் என்று. "என்ன மாமா செஞ்சேன்?" என்றான். நடிக்கவில்லை. கடைசியில் ஒருவன் உட்கார்ந்திருந்ததே அவன் கணக்கில் இல்லை.

இரண்டாவது வாரம்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏ4 தாளில் பெரிதாக அச்சடித்த முகங்களைச் சுவரில் ஒட்டியிருந்தார். ஒவ்வொன்றாகக் காட்டி, இவர் மனதில் இப்போது என்ன ஓடுகிறது என்று கேட்டார். முதல் முகம், "மொறைக்கிறான் மிஸ்." அடுத்தது, "இவனும் மொறைக்கிறான்." ஆறாவது முகம் கொஞ்சம் வயதானவர், புருவத்தை நெரித்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நேராகப் பார்க்கிறார். ஒன்பது பேரும் ஒரே குரலில் மொறைக்கிறான் என்றார்கள், ஒருவன் இன்னும் ஒருபடி மேலே போய், "எங்க ஏரியால வந்து இப்படிப் பாத்தா அன்னைக்கே வாங்கியிருப்பான்" என்றான். மிஸ் அமைதியாகச் சொன்னார். "இது எங்கப்பா. ரெண்டு கண்ணுலயும் புரை. வர்ற பஸ்ஸோட நம்பர் தெரியாம இப்படித்தான் பாப்பாரு."

அறையே அடங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து யாரோ ஒருவன் "சாரி மிஸ்" என்றான். அவர் சாரியை எல்லாம் கண்டுகொள்ளவில்லை, "சரி, மறுபடி முதல்லேர்ந்து வருவோம்" என்று அதே முகங்களைத் திரும்பக் காட்டினார். இந்த முறை பதில்கள் மாறின. தூக்கம் வருது. வயிறு வலிக்குது. யாரையோ தேடுறாரு. வெயில் கண்ணுல அடிக்குது. ஒரே முகத்துக்கு நாலு பதில் வந்தால் நாலையும் போர்டில் எழுதினார், எது சரி என்று சொல்லவே இல்லை.

என் கடையில் டைப் அடிக்கிற அடிதடி வழக்குகளில் எத்தனையோ, "முறைத்துப் பார்த்ததால் ஏற்பட்ட வாய்த்தகராறில்" என்றுதான் ஆரம்பிக்கும். அந்த வரியை விரல் பழக்கத்தில் அடித்துவிட்டுப் போயிருக்கிறேன். முறைத்ததாகச் சொல்லப்படுகிற ஆளுக்குக் கண் புரையோ, தலைவலியோ, கடன்காரன் தொல்லையோ இருந்திருக்கலாம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. மிஸ்ஸிடம் இதைச் சொன்னபோது ஒரு பெயரைச் சொல்லித் தேடிப் படிக்கச் சொன்னார், கென்னத் டாட்ஜ் என்ற அமெரிக்க உளவியலாளர். 1980-இல் பள்ளிக்கூடப் பையன்களை வைத்துச் செய்த சோதனை. ஒரு பையன் அடுக்கிக்கொண்டிருக்கிற புதிரை இன்னொருவன் கலைத்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேண்டுமென்றே கலைத்தான் என்று தெரிந்தால் சண்டைக்காரப் பையனும் சாது பையனும் ஒரே மாதிரிதான் கோபப்படுகிறார்கள், தெரியாமல் கைபட்டது என்று தெரிந்தால் இரண்டு பேருமே விட்டுவிடுகிறார்கள். வேண்டுமென்றா, தெரியாமலா என்று சொல்ல முடியாத இடத்தில்தான் வித்தியாசம், சண்டைக்காரப் பையன் வேண்டுமென்றேதான் செய்தான் என்று எடுத்துக்கொள்கிறான். அதாவது இவர்களுடைய கோபம் அளவுக்கு மீறியது என்பதைவிட, அதற்கு முந்தைய நொடியில் ஆளைப் படிப்பதில் தப்பு நடக்கிறது. அதைப் பழக்கிச் சரிசெய்ய முடியும் என்றால் ஏன் பழக்கக் கூடாது?

இந்த வகுப்பின் பெரிய பலம் இதுதான் என்பேன். இரக்கப்படு, மனசாட்சி இல்லையா, உன் அம்மாவாக இருந்தால் இப்படிச் செய்வாயா என்று ஒருநாளும் கேட்கவில்லை. நாங்கள் வீட்டில் ஒரு மாதமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். ஜாலிஃப், ஃபாரிங்டன் என்ற இரண்டு பேர் 2004-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், குற்றத்தோடு அதிகம் தொடர்பாக இருந்தது அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்வதில் உள்ள குறைதானாம், கூடச் சேர்ந்து வருந்துவதில் உள்ள குறைக்கு அந்த அளவு தொடர்பு இல்லை. அதைவிட முக்கியம், அறிவுத்திறனையும் குடும்ப வசதியையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் அந்த வித்தியாசமும் பெரும்பாலும் மறைந்துபோகிறது. இதைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். இரக்கமே இல்லாத பிறவி என்று அந்தப் பிள்ளைகளைச் சொல்வதற்கு எனக்கு வாய் வராது இனிமேல்.

ஐந்தாவது வாரம் ஒரு பயிற்சி. சம்பவம் நடந்த நாளை, உன்னால் பாதிக்கப்பட்டவர் காலையில் எழுந்ததிலிருந்து சொல்லு. எத்தனை மணிக்கு எழுந்திருப்பார், என்ன சாப்பிட்டிருப்பார், எங்கே போகக் கிளம்பியிருப்பார். நம் ஆள் வாயே திறக்கவில்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கையும் ஒரு போனும்தான். கடைசியில், "மஞ்சப் பை வச்சிருந்தாங்க" என்றான். "பைக்குள்ள என்ன இருந்திருக்கும்?" "தெரியல." "யோசிச்சுப் பாரு." ரொம்ப நேரம் கழித்து, "சாப்பாடா இருக்கும். ஆறேகால் மணிக்கு வேலைக்குப் போறாங்கன்னா மதியச் சாப்பாடு எடுத்துட்டுத்தான போவாங்க. அப்ப நாலு மணிக்கே எந்திரிச்சிருப்பாங்க" என்றான். இத்தனை நாளில் வண்டி ஓட்டியதைத் தவிர அந்தக் காலை நேரத்தைப் பற்றி அவன் பேசிய முதல் பேச்சு அது.

அடுத்து கடிதம். பாதிக்கப்பட்டவருக்கு எழுத வேண்டும், அனுப்பப் போவதில்லை. அனுப்பாத கடிதம் எதற்கு என்று முதலில் எரிச்சலாக இருந்தது. நியூசிலாந்தில் 1989-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே பையன், அவன் குடும்பம், பாதிக்கப்பட்டவர் எல்லோரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துப் பேச வைக்கிற ஏற்பாடு இருக்கிறது, இங்கேயும் அப்படிச் செய்தால் என்ன என்று மிஸ்ஸிடம் கேட்டேன். அவர் சொன்னது, அதற்கு இரண்டு பக்கமும் மாதக் கணக்கில் தயார் செய்ய வேண்டும், தயாராகாத பையனைக் கொண்டுபோய் நிறுத்தினால் அந்த அம்மாவுக்கு இரண்டாவது தடவை அடி விழும் என்று. சரி என்று பட்டது. பையன்கள் எழுதியதைப் பார்த்தபோது இன்னும் சரி என்று பட்டது. எல்லாம் வசனம். "என்னை உங்கள் மகனாக நினைத்து மன்னித்துவிடுங்கள்", "நான் திருந்தி வாழ்ந்து காட்டுவேன்." மிஸ் நம் ஆளின் தாளில் "நான்", "என்னை", "எனக்கு" என்று வந்த இடங்களை எல்லாம் பென்சிலால் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். 14 வட்டம். "இதுல அவங்க எங்கடா இருக்காங்க?" என்று மட்டும் கேட்டார். மூன்று தடவை திரும்ப எழுதினான். கடைசியில் எழுதியது நாலே வரி, எனக்கும் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் என் கதை ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. வகுப்பு ஆரம்பித்த மூன்றாவது வாரம் கடைக்கு ஒரு அம்மா வந்தார். கோர்ட்டில் இருக்கும் பொருளைத் திரும்பக் கேட்கும் மனு அடிக்க வேண்டும், வக்கீல் குமாஸ்தா எழுதிக் கொடுத்த தாளோடு வந்திருந்தார். போலீஸ் மீட்ட போன் சீல் வைத்துக் கோர்ட்டில் கிடக்கிறது. வழக்கமான மனு, மாதம் பத்து மனுவாவது அடிப்பேன். குற்ற எண்ணை அடிக்கும்போது விரல் நின்றுவிட்டது. அது எங்கள் வழக்கு. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார், வயதானவர்களை வீட்டோடு போய்ப் பார்த்துக்கொள்கிற வேலை, ஏஜென்சிக்காரர் போனில்தான் கூப்பிடுவார், போன் இல்லாததால் இரண்டு வீட்டு வேலை கைவிட்டுப் போனது, போன் தவணையில் வாங்கியது, கையில் இல்லாத போனுக்கு மாதம் 1,150 ரூபாய் கட்டிக்கொண்டிருக்கிறேன், இன்னும் ஐந்து மாதம் பாக்கி என்று. கையில் மஞ்சள் பை இருந்தது. நான் ஒன்றுமே சொல்லவில்லை. மனுவை அடித்துக் கொடுத்தேன், காசு வேண்டாம் என்றேன், அவர் விடாமல் 60 ரூபாயை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அதுவரைக்கும் என் மனதில் அந்த அம்மா "புகார்தாரர்" மட்டும்தான். எங்கள் பையன், எங்கள் அக்கா, எங்கள் மானம், இதைத் தாண்டி நான் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. அவனுக்கு 16 வயது, எனக்கு 44.

அதனால்தான் இந்த வகுப்பின் முதல் குறையாக இதைச் சொல்கிறேன், வீட்டுக்காரர்களுக்கு என்று எதுவும் இல்லை. 12 வாரத்தில் பெற்றோர் கூட்டம் ஒன்றே ஒன்று, அதுவும் கடைசி வாரம், 40 நிமிஷம், அதில் பாதி கையெழுத்து வாங்குவதிலேயே போனது. மாடிப்படியில் உட்கார்ந்ததால் எனக்குக் கிடைத்தது மற்ற அம்மாக்களுக்குக் கிடைக்கவில்லை. ஞாயிறு காலை யார் முகத்தையும் முறைப்பு என்று சொல்லாதே என்று பழகிவிட்டு, மத்தியானம் வீட்டுக்குப் போனால் "என்னடா மொறைக்கிற" என்று அப்பா கன்னத்தில் அறைகிற வீடுகள் அதில் குறைந்தது இரண்டு இருந்திருக்கும்.

அடுத்தது தாள்கள். ஆங்கிலத்திலிருந்து யாரோ அப்படியே பெயர்த்த பயிற்சித் தாள்கள், "பச்சாதாபம்", "கண்ணோட்டம் ஏற்றல்" என்று. எனக்கே இரண்டு முறை படித்தால்தான் விளங்கியது. ஒரு பையன் தாள் வந்தாலே ரகளை செய்வான், பேனாவை எறிவான், பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுவான். நாலு வாரம் அடங்காதவன் என்றே நினைத்தார்கள், பிறகுதான் அவனுக்கு எழுத்துக் கூட்டவே வராது என்று தெரிந்தது. இங்கிலாந்தில் காவலில் இருக்கும் பிள்ளைகளைச் சோதித்த ஆய்வுகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பேச்சு, மொழிப் புரிதலில் சிரமம் இருந்திருக்கிறது, அதில் பலருக்கு முன்னால் யாரும் கண்டுபிடித்ததே இல்லை. வருகிற முதல் நாளே இதைப் பார்க்க வேண்டாமா? மிஸ் இதை ஒப்புக்கொண்டார், அதற்கப்புறம் அந்தப் பையன் சொல்லச் சொல்ல அவரே எழுதினார். ஆனால் அமைப்பு தாளை மாற்றவில்லை.

வாரத்துக்கு ஒரு வகுப்பு போதவே போதாது. இவர்கள் எடுத்துக்கொண்ட முறைக்கு மூலம் கோல்ட்ஸ்டீன், க்ளிக் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1987-இல் வகுத்தது. பழகும் திறன், கோபத்தைக் கையாள்வது, நியாயம் பார்ப்பது என்று மூன்று பகுதி, வாரம் மூன்று வகுப்பு வீதம் 10 வாரம், மொத்தம் 30. இங்கே 12, அதிலும் இரண்டு வாரம் சொல்லாமல் கொள்ளாமல் ரத்து செய்துவிட்டார்கள். கடையை மூடிவிட்டு 22 கிலோமீட்டர் வண்டியில் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்து வந்தோம். ஒரு போன் போட்டிருக்கலாம். கூலி வேலைக்குப் போகிற அம்மாவுக்கு அது ஒருநாள் சம்பளம்.

இன்னொன்று, முதல் தடவை மாட்டியவனையும் நாலு வழக்கு இருப்பவனையும் ஒன்றாக உட்கார வைக்கிறார்கள். உள்ளே மிஸ் இருக்கிறார், பரவாயில்லை. 12 மணிக்கு வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் சேர்ந்து நிற்கும்போது யார் பார்ப்பது? அங்கே நடக்கிற வகுப்பு வேறு. என்னால் கூட்டிப் போய்க் கூட்டி வர முடிந்தது, எல்லோராலும் முடியாது.

சில பெற்றோர் சான்றிதழுக்காக மட்டும் அனுப்பினார்கள், குழுமத்தில் காட்ட வேண்டும் என்று. தப்பு சொல்லமாட்டேன், பயம் அப்படி. ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். வகுப்புக்குப் போனால் பையன் பெயர் பதிவாகிவிடும், அரசு வேலைக்குப் போக முடியாது என்று ஒரு அம்மா அழுதார். இளைஞர் நீதிச் சட்டம் 24-ஆவது பிரிவைப் பாருங்கள், சிறாராக இருந்தபோது செய்த குற்றத்தால் பிற்பாடு எந்தத் தகுதியிழப்பும் வராது, மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பிறகு ஆவணங்களை அழிக்கவும் குழுமம் உத்தரவிட வேண்டும். 16 வயதைத் தாண்டி, கொடுங்குற்றத்தில், பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. தைரியமாக அனுப்புங்கள்.

மதிப்பெண் போடச் சொன்னால் மிஸ்ஸுக்கு ஐந்துக்கு ஐந்து, அமைப்புக்கு மூன்று.

பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்பீர்கள். பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, மறுபடி ஐடிஐ போகிறான், காலையில் எழுப்பினால் இன்னமும் எரிந்து விழுகிறான். ஆனால் ஒன்பதாவது வாரம் நான் கண்ணால் பார்த்ததை எழுதிவிடுகிறேன். அன்றைக்கு டீ கொடுக்கிற முறை அவனுடையது. தட்டை எடுத்துக்கொண்டு வழக்கமாக ஆரம்பிக்கிற கதவுப் பக்கம் போகாமல் ஜன்னல் ஓரத்துக்குப் போனான். மிஸ் ஏன் என்று கேட்டார். "எப்பவும் இங்க வர்றதுக்குள்ள டீ ஆறிடுது மிஸ். இவன் எப்பவும் ஆறுன டீதான் குடிக்கிறான்" என்றான். முதல் வாரம் சமோசா கிடைக்காத அதே சின்னப் பையன். சமோசாவையும் எண்ணிவிட்டுத்தான் தட்டைத் தூக்கினான், கதவு இடுக்கில் அவன் உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது.

அந்த அம்மாவுக்குப் போன் திரும்பக் கிடைத்துவிட்டது, உத்தரவு நகல் எடுக்க என் கடைக்குத்தான் வந்தார். விஷயத்தை இவனிடம் சொன்னேன். "டிஸ்ப்ளே ஒடஞ்சிருந்துச்சே மாமா, மாத்திக் குடுத்தாங்களா?" என்று கேட்டான். யாரும் மாற்றிக் கொடுக்கமாட்டார்கள் என்றேன். அப்புறம் அவன் ஒன்றும் பேசவில்லை, சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிட்டான்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முதல் நாள் ஆதார் நகலும் குழும உத்தரவு நகலும் கேட்பார்கள், இரண்டு செட் எடுத்துக்கொள்ளுங்கள். பையனுக்கு எழுதப் படிக்கச் சிரமம் இருந்தால் வெட்கப்படாமல் முதல் நாளே தனியாகச் சொல்லிவிடுங்கள். வகுப்பு உண்டா என்று சனிக்கிழமை சாயங்காலம் நீங்களே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். முடிந்தவரை கூடப் போங்கள், உள்ளே உட்கார விடவில்லை என்றால் படியில் உட்காரக் கேளுங்கள். அப்புறம், வெளியே வந்ததும் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று உடனே துருவாதீர்கள். ஒரு பரோட்டாவோ பொங்கலோ வாங்கிக் கொடுத்துப் பேசாமல் கூட்டி வாருங்கள், வழியில் அவனாகவே ஆரம்பிப்பான். நம் ஆள் பெரும்பாலும் ரயில்வே கேட்டில் வண்டி நிற்கும்போதுதான் ஆரம்பிப்பான், கூட்ஸ் வண்டி வந்தால் நல்லது, கொஞ்சம் அதிக நேரம் கிடைக்கும்.